கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தவள்

பொட்டு வைக்காத பெண்களை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்த பெண்ணை அவளுக்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

மடக்கி வைக்கிற கம்ப்யூட்டர் அது. திறந்தால் மேல் விளிம்பின் நடுவில், நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், அரக்கு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“ஏட்டி, இதுக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு? ஒரு வார்த்த சொல்லலியே!”

“அங்க ஒரு கண்ணு இருக்கு ஆச்சி. நாம இதப் பாக்கிற மாதிரி, அது வழியா நம்மளையும் பாக்கலாம்.”

“என்னய எவன் பாக்கப் போறான்? பாத்தா அவனுக்குத்தான் காய்ச்சல் வரும்.”

அவளும் சிரித்தாள். ஆனால் சிரிக்கிறபோதே பொட்டின் ஓரத்தை நகத்தால் ஒருமுறை அழுத்திவிட்டாள், பசை விட்டுப்போயிருக்குமோ என்று. அந்த நகத்தை நான் கவனித்தேன்.

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஏன் என்பது கடைசியில் உங்களுக்கே தெரியும்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் ஒற்றை அறை ஒன்று உண்டு. வாடகைக்கு விடப்படும் என்று அட்டை தொங்கவிட்ட மறுநாளே வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை, கையில் அந்தக் கம்ப்யூட்டர், வேறொன்றும் இல்லை. எங்கள் ஊரில் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருதடவை வரும் என்பதைத்தான். இவள், மாடிப்படிக்குக் கதவு உண்டா, அதை உள்ளேயிருந்து பூட்டலாமா என்று கேட்டாள். தண்ணீரைப் பற்றிக் கேட்காத ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“எந்த ஊருட்டி?”

“பல ஊர்ல இருந்திருக்கேன் ஆச்சி.”

சரி, சொல்லாவிட்டால் போகிறாள், பேச்சை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ம்ஹூம். டிவியில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி எந்த ஊர் வாடையும் இல்லாத பேச்சு. எங்கள் கரிசல் மண் மழை பெய்தால் செருப்பை விடாது. வருகிறவர்கள் வாயிலும் எங்கள் பேச்சு அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். இவள் வாயில் ஒட்டவே இல்லை. துடைத்து வைத்த பேச்சு.

பேச்சை மட்டுமா துடைத்தாள்? செல்போனையும் துடைப்பாள். ஒவ்வொரு தடவை திறந்து மூடியதும் துப்பட்டா நுனியால் கண்ணாடியை ஒரு தேய்ப்பு. என் மருமகள் ஒருநாள், “அக்கா, அது என்ன சாமி சிலையா, தொடச்சுக்கிட்டே இருக்கீங்க?” என்று கேட்டாள். மருமகளின் போனை வாங்கி வெயிலில் சாய்த்துப் பிடித்தாள் இவள். கண்ணாடியில் எண்ணெய்க் கறையாக ஒரு கோடு தெரிந்தது. மேலிருந்து இறங்கி, பக்கவாட்டில் திரும்பி, அச்சாக ‘ட’ எழுத்து. அந்தக் கோட்டின் மேலேயே விரலை இழுத்தாள். போன் திறந்துகொண்டது.

மருமகள் வாயைப் பிளந்தாள். “எப்படிக்கா?”

“நீ எண்ணெய்க் கையோட கோலம் போட்டு வச்சிருக்க. நான் அதைப் பாத்துப் புள்ளி வைக்காமலே இழுத்துட்டேன். கோலத்த எடுத்துட்டு நம்பர் வை. பிறந்த வருஷம் வைக்காத.”

“எனக்குத்தான் என் பிறந்த வருஷமே தெரியாதே. நான் வைக்கலாம்லா?” என்றேன் நான்.

இப்படித்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டில் சார்ஜ் போடுகிற இடத்தில் அடுத்தவர் வயரைத் தொடாதே. தெரியாத ஆள் அனுப்பிய கல்யாணப் பத்திரிகையைத் திறக்காதே. நம்பர் வந்திருக்கிறது சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்லாதே. தன் போனில் என்னிடம் ஒரு கோயில் படம் காட்டினாலும் அந்த ஒரு படத்தை மட்டும் நிறுத்திவிட்டுத்தான் தருவாள். அடுத்த படம் என்ன என்று நான் விரலால் தள்ளிப் பார்ப்பேன். நகராது.

“ஆணி அடிச்சு வச்சிருக்கேன் ஆச்சி. நீங்க தள்ளுவீங்கன்னு தெரியும்.”

வேலை பார்த்தது பிளக்ஸ் கடையில். ஊரில் யார் வீட்டில் காது குத்தினாலும், எந்தப் பெண் வயசுக்கு வந்தாலும், யார் செத்தாலும் எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவளுக்குத்தான் தெரியும். கறுத்த மாப்பிள்ளையைச் சிவப்பாக்குவாள். கல்யாணத்துக்கு வராத தாய்மாமனைக் கொண்டுவந்து கூட்டத்தின் நடுவில் நிறுத்துவாள். சண்டை போட்டுப் பிரிந்த அண்ணன் தம்பிகள் அவள் பிளக்ஸில் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பார்கள்.

“என்னயும் ஒரு பிளக்ஸ்ல போடு பிள்ள. வயசுல பாதிய வெட்டிட்டுப் போடு.”

“உங்களுக்கு எந்த பிளக்ஸ் போட ஆச்சி? காதுகுத்து ஆயிடுச்சு, கல்யாணம் ஆயிடுச்சு. மிச்சம் ஒண்ணுதான் இருக்கு.”

“போட்டி சண்டாளி! அதுக்கும் நல்ல படமாப் பாத்துப் போடு. பல்லு தெரியணும்.”

கடைக்கார அண்ணாச்சி என்னைக் கண்டால் அவளைப் பற்றித்தான் குறை சொல்வார். “ஆச்சி, தண்ணி குடிக்க எந்திரிச்சாலும் ரெண்டு கட்டையத் தட்டிக் கம்ப்யூட்டரப் பூட்டிட்டுல்லா போவுது! என் கடை, என் கம்ப்யூட்டர், நான் அதத் தொறக்கணும்னா அது டீ குடிச்சு முடிக்கணும்.” குறையைச் சொன்ன வாயாலேயே, அந்த வருஷ மழையில் மின்னல் வெட்டிக் கடைக் கம்ப்யூட்டர் கருகியபோது, அவள் தினமும் சாயங்காலம் எல்லாவற்றையும் தனியாக இன்னொரு பெட்டியில் ஏற்றிவைத்து, வயரைப் பிடுங்கிவிட்டுப் போனதால்தான் ஊர்க் கல்யாணங்கள் பிழைத்தன என்றும் சொன்னார். அதற்குப் பிறகு அவள் எவ்வளவு நேரம் டீ குடித்தாலும் அவர் ஒன்றும் சொல்வதில்லை.

ஊர் முகத்தையெல்லாம் ரோட்டில் நிறுத்துகிறவளிடம் அவள் முகம் இருக்கிற ஒரு படம்கூட இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு பூ. மருமகள் செல்பி எடுக்கக் கையைத் தூக்கினால், செருப்பு அறுந்ததுபோல் குனிந்துவிடுவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், படியில் நின்று போனில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். பார்த்த பிறகுதான் மூச்சு விடுவாள்.

“அதுல என்னட்டி தெனமும் பாக்குத? ரிசல்ட்டா?”

“உள்ள யாராவது வந்திருக்காங்களான்னு பாக்கிறேன் ஆச்சி.”

வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆனாலும் நான் அவளைத் தாண்டி மாடிப்படியை ஒருதடவை எட்டிப் பார்த்தேன்.

விஷயம் வெளியே வந்தது மருமகள் போனைத் தொலைத்த அன்று. தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், திரும்பி வந்து இறங்கும்போது போனை பஸ் சீட்டிலேயே விட்டுவிட்டாள். பஸ் மறுபடி தூத்துக்குடிக்கே கிளம்பிவிட்டது. வீட்டில் ஒரே அழுகை. இவள் பொட்டு வைத்த கம்ப்யூட்டரைத் திறந்தாள். மருமகளிடம் அவள் கணக்கின் பெயரையும் ரகசியச் சொல்லையும் கேட்டுப் போட்டாள். திரையில் ஊர்ப்படம் வந்தது. அதில் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி.

“அந்தா போவுது பாருங்க அத்தை!” என்று மருமகள் குதித்தாள்.

புள்ளி நகர்ந்தது. கொஞ்சம் நிற்கும், மறுபடி நகரும். ஸ்டாப்பில் ஆள் ஏற்றுகிறான் என்று நான் சொன்னேன். பைத்தியம் மாதிரி எல்லோரும் கைதட்டினோம். இவள் ஒரு பொத்தானை அழுத்த, அங்கே பஸ்ஸுக்குள் போன் அலறியிருக்கிறது. பிறகு நாங்கள் கூப்பிட்டதும் கண்டக்டர் எடுத்துப் பேசினார், அடுத்த நடையில் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். மருமகள் அவளைக் கட்டிப்பிடித்தாள்.

அவள் திரும்பவில்லை. அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலடியில் பாம்பு போகிறபோது அசையாமல் நிற்போமே, அப்படி.

“மூடோணும்,” என்றாள். “இத மொதல்ல மூடோணும்.” படாரென்று மூடினாள்.

‘மூடோணும்.’ எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். மேற்கே, மில்லும் தறியும் ஓடுகிற பக்கத்துப் பேச்சு அது. துடைத்து வைத்ததெல்லாம் பயத்தில் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

மாடிப்படியில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவளாகத்தான் சொன்னாள்.

“நான் அப்படி ஒரு புள்ளியா இருந்தேன் ஆச்சி.”

புருஷன் வாங்கிக் கொடுத்த போன். கல்யாணப் பரிசு. எங்கே போனாலும் அவனுக்குத் தெரிந்தது. கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனால், அக்கா வீட்டு வாசலில் அவன் வண்டி நிற்கும். அக்காவுக்கு என்ன எழுதினாலும் சாப்பாட்டு நேரத்தில் அவன் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வான். ஒருநாள் அவனுடைய ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தற்செயலாகப் பார்த்திருக்கிறாள். அதில் இவளுடைய வாட்ஸ்அப் திறந்து கிடந்தது. இவள் படிக்கும் முன்பே எல்லாவற்றையும் அவன் படித்துக்கொண்டிருந்தான், கல்யாணமான நாளிலிருந்து.

“அடிப்பானாட்டி?”

“அடிக்கிறது ஒரு நேரம் நின்னுரும் ஆச்சி. பாக்கிறது நிக்கவே நிக்காது.”

“போலீசுக்குப் போயிருக்கலாம்லா?”

“போனேன். ரெண்டு பேரையும் உக்காரவச்சாங்க. பாசத்துலதானம்மா பாக்கிறாருன்னு சொல்லி அவர்கூடவே அனுப்பிட்டாங்க.”

பிறகு எப்படித்தான் வந்தாள்? போனை முழுக்கச் சார்ஜ் ஏற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். “அவர் ஆபீஸ்ல உக்காந்து, நான் தூங்குறேன்னு என்னைப் பாத்துக்கிட்டு இருந்தார். நான் பஸ்ல இருந்தேன்.” சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. “என் படம் எங்கயாவது வந்தா வந்துருவாரு ஆச்சி. கோபமா வரமாட்டாரு. பழம் வாங்கிக்கிட்டு வருவாரு.”

அதற்கப்புறம் நான் அவள் பொட்டைக் கேலி செய்வதில்லை. பசை போனால் என் டப்பாவிலிருந்து நானே ஒன்று எடுத்துக் கொடுப்பேன்.

அந்த வருஷம் எங்கள் தெரு அம்மன் கோயில் பொங்கலுக்கு அவளையும் முளைப்பாரி எடுக்கச் சொன்னோம். முதலில் மாட்டேன் என்றாள். முளைப்பாரியை வெளிச்சமே படாத அறையில், வெளியாள் யாரும் எட்டிப் பார்க்காமல், துணி போட்டு மூடி வளர்ப்போம் என்று சொன்னதும் அவளுக்குப் பிடித்துப்போனது. “யாரும் பாக்காம வளர்றதா?” என்று கேட்டுவிட்டுத் தினமும் வந்து தண்ணீர் தெளித்தாள். ஊர்வலத்தன்று மஞ்சள் சேலை கட்டி, தலையில் பாரியை வைத்து, மேளத்துக்கு நடந்தாள். ஆளே வேறாக இருந்தாள். கூட்டத்தில் எத்தனை பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள் என்று அன்றைக்கு அவளும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

எங்கள் தெரு மகளிர் குழுவுக்குத் தலைவி முத்துமாரி. புதியம்புத்தூரிலிருந்து நைட்டி எடுத்துவந்து வீடு வீடாக விற்கிறவள். மனசு வெள்ளை, வாய் லவுட் ஸ்பீக்கர். குழுவுக்கு வேண்டிய பிளக்ஸையெல்லாம் இவள்தான் அழகாக அமைத்துக் கொடுப்பாள், கூலி வாங்கமாட்டாள். ‘ஊருக்கெல்லாம் போடுத பிள்ள, தனக்கு ஒண்ணு போட்டுக்கிடலியே’ என்று முத்துமாரிக்கு வருத்தம். கோவில்பட்டிக் கடையில் சொன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும் என்று எட்டயபுரம் வரை போய், யாரோ எடுத்த முளைப்பாரிப் படத்தைக் கொடுத்து, அடித்துக்கொண்டு வந்துவிட்டாள். எங்களில் ஒருத்திக்கும் மூச்சு விடவில்லை.

காலையில் பார்த்தால் தெரு முனையில், பஸ் திரும்புகிற இடத்தில், இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறது. நடுவில் அவள் முகம், லாரிச் சக்கரம் அளவுக்கு. மேலே ‘எங்கள் தெருவின் தங்க மகளே, வாழ்க!’ கீழே அவள் பெயர், தெருப் பெயர், கோயில் பெயர், குழுவில் இருக்கிற எல்லோருடைய சின்னச் சின்னத் தலைகள்.

கடைக்குக் கிளம்பி வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

“எப்படிட்டி இருக்கு?” முத்துமாரிக்கு வாயெல்லாம் பல். “அசந்துட்டியா? எல்லாரும் ஸ்டேட்டஸ் வச்சாச்சு! என் தங்கச்சி திருப்பூர்ல இருக்கால்லா, அவளும் வச்சிருக்கா!”

அவள் பையைத் துழாவி, கடையில் பிளக்ஸ் அறுக்கிற பிளேடை எடுத்தாள். பக்கத்து டீக்கடை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். தன் கழுத்தில் ஆரம்பித்து, காதைச் சுற்றி, தலையைச் சுற்றி அறுத்தாள். முகம் மடங்கி அவள் கையில் விழுந்தது. அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினாள். பிளக்ஸில் சக்கரம் அளவுக்கு ஓட்டை. அதன் வழியே பின்னாலிருந்த வானம் தெரிந்தது. கீழே நாங்கள் எல்லோரும் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

“ஸ்டேட்டஸ எடுத்துருங்கக்கா. எல்லாரையும் எடுக்கச் சொல்லுங்க. கால்ல விழறேன்.”

“என்னத் திமிருட்டி ஒனக்கு! நாங்க ஆசையாச் செஞ்சத அறுத்துப்போட்டுட்டு, எங்களையே எடுக்கச் சொல்லுதியா?”

முத்துமாரி அழுதாள். மற்றவர்களுக்குக் கோபம். நான் ஒவ்வொருத்தியாகப் பிடித்துக் கெஞ்சினேன். காரணத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் அதையும் ஸ்டேட்டஸ் வைப்பார்கள். பாதிப் பேர் எடுத்தார்கள். மீதிப் பேர், நாளைக்கு அதுவே போயிடும் ஆச்சி என்றார்கள்.

அது போவதற்குள் யாரோ பார்த்திருக்க வேண்டும்.

அந்த வாரமே, வீட்டில் நான் மட்டும் இருந்த ஒரு மத்தியானம், வாசலில் ஒருவன் வந்து நின்றான். இஸ்திரி போட்ட சட்டை. நெற்றியில் திருநீறு. கையில் பழப்பை.

“கும்பிடறேனுங்கம்மா. கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?”

அதே மேற்கத்திப் பேச்சு, ‘மூடோணும்’ என்றவளின் பேச்சு. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தன் போனை நீட்டினான். அந்த பிளக்ஸ்தான், அறுக்கும் முன்னால் எடுத்தது.

“இது எங்கூட்டு அம்மிணிங்க. சின்னக் கோவத்துல வந்துட்டாங்க. இங்கதான் இருக்காங்கன்னு சொன்னாங்க.”

“இதுவா? எங்க ஊர் பிளக்ஸ்ல சினிமாக்காரியளுந்தான் நிக்குதாவ. அவியள்லாம் எங்க வீட்டுலயா இருக்காவ?”

சிரித்தான். நல்ல பல்வரிசை. “மாடியில யாருங்க?”

“என் கொழுந்தன் மவன். போலீசுல இருக்கான். நைட் டூட்டி பாத்துட்டு வந்து தூங்குதான். எழுப்பவா?”

“வேண்டாமுங்க. பாவம், தூங்கட்டும்.” அவன் கண் மாடிப்படியில் கிடந்த பெண்கள் செருப்பில் நின்றது. பிறகு என் மடியில் இருந்த போனில் நின்றது. “என் போன்ல சார்ஜ் இல்லீங்கம்மா. ஒருக்கா பேசிட்டுத் தரேன்.”

சார்ஜ் இல்லாத போனில்தான் படம் காட்டினான். நான் வாயைத் திறப்பதற்குள் என் போனைக் கையில் எடுத்துவிட்டான். பூட்டியிருந்தது. என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்தான். மெதுவாகத்தான் பிடித்தான். கட்டைவிரலை எடுத்து, சின்னப் பிள்ளைக்கு அரிச்சுவடி எழுதவைக்கிற மாதிரி, போனில் வைத்து அழுத்தினான்.

திறக்கவில்லை. மறுபடி அழுத்தினான்.

“தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சிக் கட்டை அடுக்கி அடுக்கித் தேஞ்ச வெரலுய்யா அது. ரேஷன் கடை மிசினே என்னய ஆளா மதிக்க மாட்டேங்கு. நீரு அமுக்கித் தொறந்துருமா?”

“நம்பர் இருக்குமுங்களே?”

“என் மவன் பொறந்த வருசம்.”

“எந்த வருஷமுங்க?”

“மழையில்லாத வருசம்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “இங்க எல்லா வருசமும் அதுதாம்யா,” என்றேன். என் குரல் சிரித்தது. வாய்க்கு வந்த நம்பரையெல்லாம் சொன்னேன். அவனும் பொறுமையாக ஒவ்வொன்றாகப் போட்டான். எல்லாம் தப்பு என்று போன் சற்று நேரத்துக்கு எதையும் வாங்க மாட்டேன் என்றது. “பரவாயில்லீங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை,” என்று சுவரில் சாய்ந்துகொண்டான். அவன் கோபப்படவே இல்லை. அதுதான் என்னை நடுக்கியது.

அப்போது அவன் கையில் போன் மணியடித்தது.

மத்தியானம் அந்த நேரத்துக்கு என்னைக் கூப்பிடுகிறவள் ஒருத்திதான், சாப்பிட்டீங்களா ஆச்சி என்று கேட்க. அவன் திரையைப் பார்த்தான். படித்தான். என்னிடம் நீட்டினான்.

“கேஸ் சிலிண்டராமுங்க. பேசுங்க.”

என் போனில் அவள் தன் நம்பரை அப்படித்தான் போட்டுவைத்திருந்தாள். எழுத்துக்கூட்டி அதைப் படித்துவிட்டு, நீ என்ன சிலிண்டராட்டி என்று நான் ஒருநாள் பூராவும் சிரித்திருக்கிறேன். போனைக் காதுக்குள் திணித்துக்கொள்வதுபோல் அழுத்தினேன், அவள் குரல் ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்திவிடக் கூடாது என்று. அவள் “ஆச்சி” என்று ஆரம்பிப்பதற்குள் நான் கத்தினேன்.

“சிலிண்டர் வேண்டாம்யா! இப்ப எடுத்துட்டு வராதீய. வெளியூர்லேந்து ஆள் வந்திருக்கு, பழமெல்லாம் வாங்கிட்டு வந்திருக்காவ, பேசிக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு மட்டுமில்ல, இனிமே எங்களுக்கு வேண்டாம். இந்தத் தெருப் பக்கமே வராதீய!”

அந்தப் பக்கம் கடை மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கட்.

“கோவமா பேசறீங்க?” என்றான்.

“எடை கொறச்சுத் தாரானுவ.”

அவன் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான். மகனும் மருமகளும் வந்த பிறகு எழுந்தான். “அம்மிணி வந்தா, ஒரு கண்ணு பாத்துட்டுப் போயிடறேன்னு சொல்லுங்க,” என்று பழப்பையை வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகும் சில நாள் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அவனைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

அவள் வரவில்லை. கடையிலிருந்தே, தினமும் கையோடு கொண்டுபோகிற கம்ப்யூட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்த பஸ் என்று அண்ணாச்சியிடம்கூடச் சொல்லாமல் போயிருக்கிறாள். அதன் பின் ஒரே ஒரு தடவை, யாருடைய போனிலிருந்தோ பேசினாள். பெயர் சொல்லவில்லை. “உங்க வீட்டுப் போன்ல எல்லாம் என் படம், என் நம்பர் எது இருந்தாலும் எடுத்துருங்க ஆச்சி.” அவ்வளவுதான். மருமகள் எல்லாவற்றையும் எடுத்தாள். விவரம் தெரிந்த பிறகு முத்துமாரி வீட்டுக்கு வந்து என் மடியில் விழுந்து அழுதாள். பழத்தை மாட்டுக்குப் போட்டோம்.

மறுவருஷக் கோயில் பொங்கலுக்கு மகன் எனக்குப் புதுப் போன் வாங்கித் தந்தான். பழைய போனில் இருந்ததெல்லாம் தானாக இதில் வந்துவிடும் என்றான். முளைப்பாரி அன்று காலையில் அது சிணுங்கியது. மருமகள் எடுத்துப் பார்த்து, “அத்தை!” என்று கத்தினாள்.

போன வருஷம் இதே நாள் என்று போட்டு, பின்னால் பாட்டு வேறு ஓட, அவள். தலையில் முளைப்பாரி, மஞ்சள் சேலை, வாய் திறந்த சிரிப்பு. எங்கள் வீட்டில் இருந்த காலத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மருமகள் என் போனில் எடுத்து, அவளே மறந்துபோன படம். நாங்கள் அழித்தது போனில்தானாம். எங்கோ மேலே ஒரு பிரதி தங்கியிருந்ததாம்.

மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “எவ்வளவு அழகா இருக்காக! ஒரு நாளைக்கு ஸ்டேட்டஸ் வைக்கட்டா அத்தை? அக்கா எங்க இருந்தாலும் பாப்பாக.”

“கையை எடுட்டி!” நான் போட்ட சத்தத்தில் அவள் போனைக் கீழே போட்டுவிட்டாள். “அழி. இப்பவே அழி.”

“நம்மகிட்ட இருக்கது இது ஒண்ணுதான் அத்தை.”

“அதான் சொல்லுதேன்.”

“ஒருதடவை நல்லாப் பாத்துக்கிடுங்க.”

பார்த்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு தலையை ஆட்டினேன். அழித்தாள். குப்பைத் தொட்டி என்று ஒன்று உள்ளே இருக்கும், அதிலும் போய் எடுக்க வேண்டும் என்று மாடியில் இருந்தவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். மருமகள் அதிலும் போய் எடுத்தாள். மேலே இருக்கிற பிரதியிலும் தேடினாள். திரை வெள்ளையாக இருந்தது.

“இனிமே எங்கயும் இல்லியா?”

“இல்ல அத்தை. நம்மகிட்ட எங்கயும் இல்ல.”

“அவன்கிட்ட?”

மருமகள் போன் கண்ணாடியைச் சேலை நுனியால் துடைத்தாள். தெருவில் மேளம் கிளம்பிவிட்டது. பாரியை எடுக்க வரச்சொல்லி முத்துமாரி வாசலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.